ஏழு கல், முப்பது விநாடி... உங்களுக்குத் தெரியுமா?

தொடையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனால் கபடி, இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் பிடி, அவ்வளவுதான் என்று இன்னமும் நினைக்கிறீர்களா? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஏதாவது ஒரு திடலில் ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். சுண்ணாம்புக் கோடு. தரையில் ஏழு கூழாங்கல். அந்தக் கல்லை நகர்த்தி நகர்த்தித்தான் பாடமே நடக்கிறது!

அந்த ஏழு கல்லையும் எப்படி வைக்கிறார்கள் தெரியுமா? 2–3–2! இரண்டு ஓரத்திலும் ஜோடி ஜோடியாக நாலு பேர். நடுவில் மூன்று பேர். ஒருவர் அவுட்டா? உடனே 2–2–2. இன்னொருவரும் போய்விட்டாரா? 2–1–2. ஆள் குறையக் குறைய வியூகமே மாறிவிடும்! ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணப் பார்த்தேன். பத்து நிமிஷத்திலேயே இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டது!

ஏழு பேருக்கும் ஏழு பெயர் உண்டு! இடது கார்னர், இடது இன், இடது கவர், சென்டர், வலது கவர், வலது இன், வலது கார்னர். எந்தப் பையனிடம் வேண்டுமானாலும் “நீ யாருப்பா?” என்று கேளுங்கள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் “ரைட் கார்னர்ண்ணே” என்பான்!

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. எத்தனை களத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி வைத்தால் கோபுரத்தை எட்டும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். சரியாக நாலரை!

நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் தொடுகோடு. பாடி வருபவர் அதைக்கூடத் தாண்டாமல், யாரையும் தொடாமல் திரும்பினால் அவரே அவுட்! இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. அதற்கும் பின்னால் மிச்சம் எவ்வளவு தெரியுமா? வெறும் 1.75 மீட்டர்! ஒரு கட்டிலின் நீளம்கூட இல்லாத அந்த இடத்தில் தடுப்பாட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து நிற்கிறார்கள்!

போனஸ் எடுக்க ஒரு கால் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் மற்றொரு கால் காற்றில் இருக்க வேண்டும்! எதிரே ஆறு பேராவது நிற்க வேண்டும். ஐந்து பேர்தானா? நீங்கள் எத்தனை அழகாகக் கால் வைத்தாலும் புள்ளி பூஜ்யம்!

களம் ஆட்டத்தின் நடுவிலேயே அகலமாகும் என்பது தெரியுமா? இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் ‘லாபி’. தொடும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. விரல் நுனி பட்டதோ இல்லையோ, லாபி திறந்துவிடும்! 8 மீட்டராக இருந்த களம் கண் சிமிட்டும் நேரத்தில் 10 மீட்டர்! தப்பி ஓட இரண்டு மீட்டர் இனாம்!

அந்த ஒரு மீட்டர் லாபிக்காக ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டமே நின்றுபோனது! 2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ. இந்தியாவும் ஈரானும் 28–28. கடைசி நிமிஷங்கள். இந்தியாவின் பவன் சேராவத் பாடப் போகிறார். யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திக்கொண்டு ஈரான்காரர்களும் லாபிக்குள்! இப்போது யார் அவுட்? பவன் மட்டுமா, பின்னால் வந்த அத்தனை பேருமா? பழைய விதி ஒன்று சொன்னது, புது விதி வேறொன்று சொன்னது. நடுவர்கள் தீர்ப்பை மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் 33–29, தங்கம் இந்தியாவுக்கு! ஆட்டம் நின்று கிடந்த நேரம்? ஏறக்குறைய ஒரு மணி நேரம்! முழு ஆட்டமே 40 நிமிஷம்தான்!

அதே நாள், அதே ஊர். நம் பெண்கள் சீன தைபேயை வென்றது 26–25. ஒரே ஒரு புள்ளி! அந்தத் தங்கம்தான் அந்தப் போட்டியில் இந்தியாவின் நூறாவது பதக்கம்! அதைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா பதறி ஓடிவந்துவிட்டார்கள்!

சரி, திடலுக்கு வாருங்கள். கார்னர் பிடியைச் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், ராஜபாளையம் பக்கத்தில் ஒரு செம்மண் திடலில். மேற்கே மலை, வெயில் இறங்கும் நேரம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓரத்தில் குந்தினாற்போல நிற்கிறான். முழங்கால் மடங்கி, குதிகால் தரையை விட்டுத் துளி எழும்பி, உள்ளங்கை இரண்டும் விரிந்து. மாஸ்டர் மெதுவாகக் காலை நீட்டி அவன் முன்னால் ஆட்டுகிறார். இழுக்கிறார். ஆட்டுகிறார். பையன் அசையவில்லை. நாலாவது முறை கால் தரையில் ஊன்றிய அந்தக் கணம்... பாய்ந்துவிட்டான்! இரண்டு கையும் கணுக்காலைச் சுற்றிப் பூட்டுப் போட்ட மாதிரி. “தலை வெளிய! தலைய வெளிய வையி!” மாஸ்டர் கத்துகிறார். தலை உள்ளே இருந்தால் முழங்கால் முகத்தில் இறங்கிவிடும்! புழுதி அடங்கும்போது மாஸ்டர் தரையில். பையன் கண்ணில் மண், வாயில் மண், முகம் முழுக்கச் சிரிப்பு!

“எப்பப் பாயணும் மாஸ்டர்?” என்று இன்னொரு பொடியன் கேட்டான். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “அவன் மொகத்தப் பாக்காத தம்பி. எடை எந்தக் கால்ல இருக்குன்னு பாரு. எடை இருக்கிற காலு ஓடாது!” எழுதி ஒட்டி வைக்க வேண்டாமா இதை!

பாய்வதில் அவசரப்பட்டால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: ‘அட்வான்ஸ் டேக்கிள்’. எந்தப் பயிற்சியாளருக்கும் இந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்! பாடி வருபவர் இன்னும் தடுமாறவே இல்லை, நீங்கள் பாய்ந்துவிட்டீர்கள். விலை? உங்களோடு கைகோத்து நின்றவரும் சேர்ந்து வெளியே போகக்கூடும்!

காத்திருந்து கவ்வுவதற்கு இந்த ஊரில் உதாரணம் தேட வேண்டுமா? ராஜபாளையம் நாய்! வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே போட்டுக் கௌரவித்த இனம்! இங்கே நல்ல கார்னர் பையனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தோன்றவில்லை!

கைகோத்து நிற்கிறார்களே, பலத்துக்காக மட்டும் என்று நினைத்தீர்களா? அது ஊமைத் தந்தி! ஒரு அழுத்து என்றால் ஒன்று, இரண்டு அழுத்து என்றால் வேறொன்று என்று அவர்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். வாய் திறக்காமலே செய்தி ஓரத்திலிருந்து நடுவுக்குப் போய்விடும்!

இதே ரகசியம் அமெரிக்காவில் எப்படிப் பிறந்தது தெரியுமா? அங்கே ஃபுட்பால் வீரர்கள் வட்டமாகக் குனிந்து திட்டம் பேசுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கியவர்கள் காது கேளாதோருக்கான காலுடெட் கல்லூரி மாணவர்கள், 1890களில்! எதிரணி தங்கள் சைகையைப் பார்த்துவிடக் கூடாதே என்று முதுகைக் காட்டி மறைத்தார்கள். இன்று உலகமே அப்படித்தான் வட்டம் கட்டுகிறது!

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் அணிக்கு 11 பேர். ஆனால் பையன்களே போதாத சின்ன ஊர்ப் பள்ளிகள் என்ன செய்யும்? எட்டுப் பேரோடு ஆடும்! எட்டில் ஐந்து பேராவது முன்வரிசையில் நின்றாக வேண்டும். மிச்சம் மூன்று பேரை வைத்துத்தான் பயிற்சியாளரின் வித்தை முழுவதும்! ஆறு பேர் ஆட்டமும் உண்டு. 1934இல் நெப்ராஸ்காவின் செஸ்டர் என்ற ஊரில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் உருவாக்கியது!

எட்டுப் பேர் கபடி உண்டா? உண்டு! பஞ்சாபின் வட்டக் கபடியில் அணிக்கு எட்டுப் பேர். கோணமே இல்லாத களம், கார்னரே கிடையாது! நம் கார்னர் பையனை அங்கே விட்டால் எங்கே நிற்பான் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனால் ஒரு விஷயத்தில் எந்த ஃபுட்பாலும் நம் ஆட்டத்தின் பக்கத்தில் வர முடியாது. அங்கே எட்டுக்கு எட்டு, பதினொன்றுக்குப் பதினொன்று. இங்கே தாக்குதல் அணி மொத்தமும் ஒரே ஒரு ஆள்! ஏழு பேருக்கு நடுவில், ‘கபடி கபடி’ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, 30 விநாடி!

அந்த ‘கபடி’யைக்கூட நேரத்தோடு தொடங்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு பாடத் தொடங்கினால் ரெய்டு போச்சு. எதிரணிக்கு ஒரு புள்ளி இலவசம்!

ஒரு தொடுதலுக்கு மூன்று கணக்கு, தெரியுமா? நமக்கு ஒரு புள்ளி. அவர்களில் ஒருவர் வெளியே. வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே! ஒரே விரல் நுனியில் கூட்டல், கழித்தல், வரவு மூன்றும்!

இங்கேதான் பயிற்சியாளரின் மூளை புகையத் தொடங்கும். முதலில் வெளியே போனவர்தான் முதலில் உள்ளே வர முடியும்! சூப்பர் ரெய்டர் மூன்றாவதாக அவுட்டானாரா? முன்னால் போன இருவர் திரும்பி வந்த பிறகுதான் அவர். அதாவது மூன்று புள்ளி எடுத்தாக வேண்டும்! பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சியாளர் விரல் மடக்கிக்கொண்டிருந்தால் ஜபம் என்று நினைக்காதீர்கள். வரிசையை எண்ணுகிறார்!

ஏழு பேரும் காலியானால் ‘ஆல் அவுட்’. எதிரணிக்கு 2 புள்ளி கூடுதல்! அதே சமயம், மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது ஒருவரைப் பிடித்துப் போட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. அதுதான் ‘சூப்பர் டேக்கிள்’! அழியப்போகிற அணிக்கே அதிக லாபம்! அந்த மூன்று கல்லை எங்கே வைப்பது என்று திடலில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. இரண்டு கார்னரும் ஒரு கவரும் என்று மாஸ்டர் முடித்து வைத்தார். என் ஓட்டும் அதற்குத்தான்!

முன்னணியில் இருக்கிறோம், சும்மா போய்ச் சும்மா வந்து நேரத்தைக் கடத்தலாம் என்று பார்க்கிறீர்களா? முடியாது! தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடு, இல்லையென்றால் வெளியே போ! அதற்கென்றே தனியாக ஓர் ஆளைத் தயார் செய்து வைக்கும் அணிகள் உண்டு. மற்ற நேரம் ஓரமாக நிற்பவர், மூன்றாவது ரெய்டுக்கு மட்டும் சிங்கம்!

ஒவ்வொருவரும் 30 விநாடியையும் முழுசாக எடுத்துக்கொண்டால் 40 நிமிஷத்தில் எத்தனை ரெய்டு? 80! அத்தனைக்கும் திட்டம் வேண்டும்!

பாடப் போகிறவரின் பெட்டியில் என்னென்ன ஆயுதம்? கைத்தொடல், கால்விரல் தொடல், பக்கவாட்டு உதை, பின்னால் பார்க்காமலே விடுகிற பின்னுதை, தவளைப் பாய்ச்சல். எல்லாவற்றுக்கும் மேலே ‘டுப்கி’! குளத்தில் முங்குகிற மாதிரி, கைகோத்து வரும் செயினுக்கு அடியில் குனிந்து புகுந்து மறுபக்கம் எழுந்துவிடுவது! பர்தீப் நர்வால் இதற்குப் பெயர்போனவர். 2017 புரோ கபடி சீசனில் அவர் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369! ஒரே ஆட்டத்தில் 34! இன்னும் கேளுங்கள். அதே ஆட்டத்தில் ஒரே ரெய்டில் எதிரே நின்ற ஆறு பேரையும் வெளியே அனுப்பினார். ஆல் அவுட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் 8 புள்ளி!

பிடிப்பவர்கள் மட்டும் இளைத்தவர்களா? ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயி ஒரே ஆட்டத்தில் டேக்கிள் மூலம் மட்டும் எடுத்தது 16 புள்ளி! ஐந்து எடுத்தாலே ‘ஹை ஃபைவ்’ என்று கொண்டாடுவார்கள். இது மூன்று ஹை ஃபைவ், மேலே ஒன்று கொசுறு!

புரோ கபடி 2014இல் தொடங்கியது. முதல் சீசன் கோப்பை ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸுக்கு. பயிற்சியாளர் யார் தெரியுமா? நம் தமிழகத்தின் காசிநாதன் பாஸ்கரன்! இரண்டாவது சீசன் கோப்பை யூ மும்பாவுக்கு. பயிற்சியாளர்? கேரளத்தின் எடச்சேரி பாஸ்கரன்! முதல் இரண்டு கோப்பையும் இரண்டு பாஸ்கரன்களுக்கு! இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

நாலாவது சீசன், 2016. பட்னா பைரேட்ஸ் கோப்பையைத் தூக்கியது. தூக்கிய கேப்டன் தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன். தடுப்பாட்டத்தில் பாறை. அணி முழுக்க அவர் ‘அண்ணா’! அப்போது அவருக்கு வயது 41! அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்!

அந்த 2016 உலகக் கோப்பையை இந்தியா எப்படித் தொடங்கியது தெரியுமா? தோல்வியோடு! முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32–34. பிறகு எழுந்து, அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் ஈரானை 38–29 என்று சாய்த்தது. மோதிய நாடுகள் 12. போலந்தும் அர்ஜென்டினாவும் கென்யாவும்கூடக் கபடி பாடின!

ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமானது 1990, பெய்ஜிங். அன்று முதல் 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழும் இந்தியாவுக்கே! ஏழு பேர் ஆட்டத்தில் தொடர்ந்து ஏழு தங்கம்!

எட்டாவது? 2018 ஜகார்த்தா. லீக் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 23–24. அரையிறுதியில் ஈரானிடம் 18–27. நெஞ்சு வெடித்துவிட்டது! மறுநாள் பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரான் நம்மை 27–24 என்று வென்றது. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? ஷைலஜா ஜெயின். நாசிக்கைச் சேர்ந்த நம் நாட்டுப் பெண்மணி! நம் வித்தை, அவர்கள் தங்கம்!

1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில், நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் மணத்தி கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். மணத்தி கணேசன்! அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. மாரி செல்வராஜின் ‘பைசன்’ படத்துக்கு உரமானது அவருடைய வாழ்க்கைதான்!

புரோ கபடியில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணியின் கதை கேளுங்கள். 2022இல் பவன் சேராவத்தை ஏலத்தில் எடுத்தது 2 கோடியே 26 லட்சத்துக்கு. அன்றைக்கு அதுதான் சாதனை விலை! முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. சீசன் முழுக்க அவர் இல்லை. போதாததற்குப் பாதியில் பயிற்சியாளரும் மாறினார். அணி கடைசி இடத்துக்குப் போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த ஆண்டுதான் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது! புது மாஸ்டர் ஆஷன் குமார், இளம் பையன்களையே வைத்து ஏழு கல்லையும் புதுசாக அடுக்கினார்!

பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். இடம் குறைவு, அதனால் செயின் சீக்கிரம் மூடும். யோசிக்கக் கிடைக்கும் நேரமும் அந்த அளவுக்குச் சுருங்கும்! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பள்ளிச் சிறுமிகள் சீருடைப் பாவாடைக்கு மேல் டிராக் பேண்ட் மாட்டிக்கொண்டு, பின்னலை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு கார்னர் பிடிக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

மண்ணில் ஆடுவதும் ‘மேட்’ விரிப்பில் ஆடுவதும் ஒன்றா? இல்லவே இல்லை! மண்ணில் வெறுங்கால், விரல் பூமியைக் கவ்வும். மேட்டில் ஷூ, திரும்பும் வேகமே வேறு. திருவிழா ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில் மண்ணில் கொடி நாட்டியவன், மேட்டில் முதல் நாள் வழுக்கி விழுவான். கால் வைக்கிற முறையையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்! மேட்டில் பன்னாட்டு ஆட்டம் என்றால் எடையும் பார்ப்பார்கள். ஆண்களுக்கு உச்சவரம்பு 85 கிலோ. பால்கோவாவில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும்!

கிளம்பும்போது அந்த எட்டாம் வகுப்புப் பையனை மாஸ்டர் பாட அனுப்பினார். எதிரே ஏழு அண்ணன்மார். நான் கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு அவன் சொல்கிற ‘கபடி’யை எண்ணினேன். இடது கார்னரை ஏமாற்றினான். சென்டரைப் பார்த்துக்கொண்டே வலது இன்னைத் தொட்டான். லாபி திறந்தது, புகுந்து ஓடினான். நடுக்கோட்டில் கை பட்டபோது 26ஆவது விநாடி. ஒரே மூச்சில் அவன் சொன்ன ‘கபடி’கள்? அறுபத்தெட்டு!